படங்களில் வாழும் பந்தயச் சாலை

பந்தயம் என்றதும் நம்மவர் பலருக்கும் கிண்டிக் குதிரைகளே நினைவுக்கு வரும். ஆங்கில நாட்டில் மோட்டார்ப் பந்தயம் தோன்றிய காலத்தில் அந்நாட்டினருக்கும் குதிரைகளே நினைவுக்கு வந்தன என்பது வியப்பிற்குரியது. அப்பந்தயங்களின் பழைய நிழற்படங்களைக் கூர்ந்து நோக்கினால், ஒரு விளையாட்டின் கதை மட்டுமன்றி, இரு பெரும் போர்களைக் கண்ட ஒரு நாட்டின் கதையும் புலனாகும்.

1903-ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம் பிரிட்டனில் வண்டிகளின் வேகத்தை மணிக்கு 20 மைலுக்குள் கட்டுப்படுத்தியது. பொதுச் சாலைகளில் பந்தயம் நடத்தவும் இடமில்லை. வண்டி செய்வோர் தம் பொறிகளைச் சோதித்தற்கு இடமின்றி வருந்தினர். இக்குறையைப் போக்க முன்வந்தவர் ஹியூ லாக் கிங் என்னும் செல்வர். சர்ரே மாவட்டத்தில் வேபிரிட்ஜ் நகரையடுத்த தம் சொந்த நிலத்தில், ஏறத்தாழ 1,50,000 பவுன் செலவில், புரூக்லாண்ட்ஸ் பந்தயச் சாலையை அவர் அமைத்தார். அஃது 1907 ஜூன் 17-இல் திறக்கப்பெற்றது. சுற்றளவு இரண்டே முக்கால் மைல். அகலம் 100 அடி. வளைவுகளில் வண்டி வேகங்குறையாது திரும்பும் பொருட்டு, கான்கிரீட் தளத்தைக் கிண்ணத்தின் விளிம்புபோல் உயர்த்திக் கட்டினர். சாலையின் ஒரு பகுதி லண்டனிலிருந்து சவுதாம்ப்டன் செல்லும் இருப்புப்பாதையை ஒட்டியே சென்றது. அதற்கு 'ரெயில்வே நேர்வழி' என்றே பெயர். இருப்புப்பாதையோடு வாழ்நாளைக் கழிக்கும் நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகின்றது.

தொடக்க காலப் படங்களில் வண்டிகளுக்கு எண்கள் இல்லை. குதிரைச் சவாரி செய்வோரைப்போல ஓட்டுநர்கள் வண்ணச் சட்டை அணிந்து, அதனாலேயே அடையாளம் காணப்பட்டனர். வண்டிகள் நிற்குமிடத்தையும் குதிரைத் திடலின் பெயராலேயே அழைத்தனர். பெண்டிரும் பின்தங்கவில்லை, 1908-இல் மகளிர்க்கென நடந்த பந்தயத்தில் முரியல் தாம்சன் என்னும் அம்மையார் வென்றார்.

அந்நாளைய பார்வையாளர் எழுதிவைத்த நினைவுகளில் மீண்டும் மீண்டும் வருவது ஒரு மணம். பந்தயப் பொறிகளுக்கு ஆமணக்கெண்ணெய் இடுவர். அது எரியும் மணம் திடலெங்கும் பரவும். நம் வீட்டுக் குழந்தைகள் முகஞ்சுளிக்கும் விளக்கெண்ணெய்தான் அங்கே இன்பநினைவாயிற்று!

இன்பத்தினூடே துன்பமும் உண்டு. 1913 பிப்ரவரியில் பெர்சி லாம்பர்ட் என்பார் ஒரு மணி நேரத்தில் 100 மைலுக்கு மேல் ஓட்டிய முதல் மனிதர் என்ற புகழ் பெற்றார். அதே ஆண்டு அக்டோபரில், பிறர் கைக்குச் சென்ற அப்புகழை மீட்கும் முயற்சியில், அதே சாலையில் உயிர் நீத்தார். அவர்தம் படத்தில் புன்னகை மாறாதிருக்கின்றது. காண்போர் நெஞ்சு கனக்கின்றது.

1935-இல் ஜான் காப் என்பார், விமானப் பொறி பூட்டிய நேப்பியர்-ரெயில்டன் வண்டியில், மணிக்கு 143.44 மைல் வேகத்தில் அச்சாலையைச் சுற்றினார். அவ்வேகத்தை அங்கு எவரும் விஞ்சவில்லை. மேடுபள்ளமான தளத்தில் அப்பெரு வண்டி சக்கரங்கள் தரையில் படாது பறக்கும் படம் உலகப் புகழ் வாய்ந்தது.

1939 ஆகஸ்டில் இறுதிப் பந்தயம் நடந்தது. அடுத்த திங்களே போர் மூண்டது. திடலின் நடுவே முன்னரே விமானத் தொழில் வளர்ந்திருந்தது. வெலிங்டன் என்னும் குண்டுவீச்சு விமானம் முதன்முதலாக 1936-இல் பறந்ததும் அங்கிருந்துதான். போர்க்காலத்தில் தொழிற்சாலைகள் பெருகவே, பந்தயச் சாலை ஆங்காங்கே உடைக்கப்பட்டது. 1946-இல் விக்கர்ஸ் நிறுவனம் அவ்விடத்தை விலைக்கு வாங்கிற்று, பந்தயம் திரும்பவில்லை.

ஆயினும் ஊழின் விளையாட்டைக் காண்மின்! வெலிங்டன் விமானங்களில் வீரர் பயிற்சி பெற்ற தளங்களுள் ஒன்று சில்வர்ஸ்டோன். போர் முடிந்தபின் பயனற்றுக் கிடந்த அத்தளத்தில், 1948 அக்டோபர் 2-இல், வைக்கோற் கட்டுகளையும் கயிறுகளையும் எல்லையாக இட்டுப் பந்தயம் நடத்தினர். இத்தாலியராகிய லூயிஜி வில்லோரெஸி வென்றார். அங்கேயே 1950 மே 13-இல் உலக வாகைப் போட்டியின் முதற் பந்தயம், மன்னர் ஆறாம் ஜார்ஜ் முன்னிலையில் நடைபெற்றது. பந்தயச் சாலை விமானங்களுக்கு வழிவிட்டது. விமானத் தளம் பந்தயத்திற்கு வழிவிட்டது.

நம் தாயகமும் இதற்குப் புறம்பன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்கால விமானத் தளமொன்று பின்னர்ப் பல்லாண்டுகள் மோட்டார்ப் பந்தயத் திடலாக விளங்கிற்று. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிச் சாலை அமைந்தது.

புரூக்லாண்ட்ஸில் இன்று எஞ்சியிருப்பவை சாலையின் சில துண்டுகளும், 1991-இல் திறக்கப்பெற்ற ஒரு காட்சிச்சாலையுமே. மற்றவற்றையெல்லாம் காத்தவை படங்கள். படங்களுக்கு உயிரளித்தவை அவற்றின் பின்புறத்தில் எவரோ எழுதிவைத்த நாளும் பெயரும். அவ்வெழுத்து இல்லாத படத்தில் புன்னகைக்கும் ஓட்டுநர் யாரென்று சொல்வார் எவருமில்லை. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களின் பெட்டிகளிலும் பெயரெழுதாப் படங்கள் எத்தனையோ உள. பெயர் சொல்லக்கூடிய பெரியோர் நம்மிடையே இருக்கும்போதே, அவற்றின் பின்புறத்தில் ஒரு வரி எழுதிவைப்போமாக!