பாகனூரான் ஈந்த பொன்



மதுரையைக் காண வருவோர் பெரும்பாலும் மீனாட்சியம்மை திருக்கோயிலைக் கண்டு, திருமலை நாயக்கர் மகாலைக் கண்டு, அன்றிரவே வண்டியேறி விடுகின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆயின், பாண்டியர் தலைநகரின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் பல நகரத்திற்குள் இல்லை. நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில், சிற்றூர்களின் ஓரத்தில், ஆடு மேய்ப்போரும் விறகு பொறுக்குவோருமே செல்லும் இடங்களில் இருக்கின்றன. அத்தகைய சிற்றூர் ஒன்றிற்கு அண்மையில் சென்று வந்தேன். அவ்வூரின் பெயர் கொங்கர் புளியங்குளம்.

நான் திருமங்கலத்தில் வளர்ந்தவன். மீனாட்சியம்மையின் திருமணத்திற்குத் திருமாங்கல்யம் செய்து கொடுத்த ஊர் ஆதலால் திருமங்கலம் எனப் பெயர் வந்தது என்று எங்கள் ஊரில் சிறு குழந்தையும் சொல்லும். கேட்க இனிமையான கதைதான். ஆனால் அந்தணர்க்கு அரசர் கொடையாக அளித்த ஊர்களுக்கு மங்கலம், சதுர்வேதி மங்கலம் என்று பெயரிடுவது பழைய வழக்கம் என்பதையும் நீங்கள் நினைவிற் கொள்ள வேண்டும். கதையை விட்டுவிடச் சொல்லவில்லை. கதை வேறு, வரலாறு வேறு என்று அறிந்தே இரண்டையும் போற்றலாம்.

திருமங்கலத்திலிருந்து வடக்கே செக்கானூரணி செல்லும் சாலையிற் சென்று, மதுரை–தேனி நெடுஞ்சாலையைச் சேர்ந்தால், கொங்கர் புளியங்குளம் அருகில்தான். மதுரையிலிருந்து கணக்கிட்டால் மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர். ஊரை ஒட்டி உயரமில்லாத ஒரு பாறைக்குன்று. காலை எட்டு மணிக்கே கல் காலைச் சுட்டது.

குன்றின் இயற்கைக் குகைத்தளங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கற்படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. சில படுக்கைகளில் தலைப்பக்கம் சற்று உயர்த்தி, தலையணை போலச் செதுக்கியிருக்கிறார்கள். துறவறம் பூண்ட சமணப் பெரியோர் தங்கிய இடங்கள் இவை என்பது ஆய்வாளர் துணிபு. மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்குவது சமண முனிவர்க்கு விதி. எனவே மழைநீர் உள்ளே புகாதிருத்தல் வேண்டும். அதற்காகக் குகையின் நெற்றியில் புருவம் போல ஒரு காடி வெட்டியுள்ளனர். பாறையின் மீது வழிந்து வரும் நீர் அக்காடியில் தடைப்பட்டு, வாயிலுக்கு வெளியே சொட்டிவிடும். எளிய வேலை, ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என்னிடம் வந்தார்.

"பஞ்சபாண்டவர் படுக்கையைப் பார்க்க வந்தீங்களா, தம்பி?"

"ஆமாம், பெரியவரே. அண்ணன் தம்பி அஞ்சு பேருக்கு இத்தனை படுக்கை எதற்கு?"

அவர் சற்றும் தயங்கவில்லை. "படை பரிவாரம் இல்லாமலா வந்திருப்பாங்க?" என்றார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

அந்தக் காடியை ஒட்டியே மூன்று கல்வெட்டுகள் உள்ளன. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். வெயில் சாய்ந்து விழும் வேளையில் இன்னும் தெளிவாகத் தெரியும். கோடும் வளைவுமாக இருக்கும் அவ்வெழுத்தைத் தமிழி என்றும் தமிழ்ப் பிராமி என்றும் வழங்குகிறோம். இக்கல்வெட்டுகளைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டினவாக ஐராவதம் மகாதேவன் கணித்துள்ளார்.

இவ்வெழுத்தைப் படித்த வரலாறு ஒரு துப்பறியும் கதைக்கு ஒப்பானது. அசோகனுடைய பிராமி எழுத்தை ஜேம்ஸ் பிரின்செப் 1837-இல் படித்து முடித்தார். மதுரைக்கு வடகிழக்கேயுள்ள மாங்குளத்துக் குகைகளை இராபர்ட் சூவெல் 1882-இல் கண்டறிந்தார். அசோகனின் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்க்கு இதுவும் படிய வேண்டுமல்லவா? படியவில்லை. வடபுலத்து மொழி என்று எண்ணிப் படித்தால் பொருள் தடுமாறியது. வடக்கே காணாத சில வடிவங்களும் இடையிடையே நின்றன. அவை ழ, ள, ற, ன என்னும் தமிழுக்குரிய எழுத்துகள். ஆகவே இம்மொழி தமிழே என்று 1924-இல் சென்னையில் கூடிய கீழ்த்திசை மாநாட்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக் காட்டினார். அதன் பின்னும் இடர் தீரவில்லை. அக்காலத்தில் மெய்க்குப் புள்ளி இல்லை. சில கல்வெட்டுகளில் க என்பதற்கும் கா என்பதற்கும் ஒரே வடிவம். வேறு சிலவற்றில் க் என்பதற்கும் க என்பதற்கும் ஒரே வடிவம். அந்த முறைகளைப் பிரித்தறிந்தவர் மகாதேவன். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயர் 1960-களில் தெளிவுற்றது அவ்வாறே.

கொங்கர் புளியங்குளத்தில் அரசன் பெயர் இல்லை. எனக்கு இவ்வூர் பிடித்துப் போனதற்கு அதுவே காரணம். ஒரு கல்வெட்டிற் காணும் கொடையாளி ஓர் உபாசகன்; அதாவது துறவு பூணாது இல்லத்திலிருந்தே சமயம் போற்றியவன். மற்றொன்றில் வருபவன் பாகனூர்ப் பேராதன் பிடன். அவன் இங்கே கூரை வேய்வதற்குப் பொன் ஈந்தான் என்பது ஆய்வாளர் கொள்ளும் பொருள். குகையின் முன்னே பாறையில் குழிகள் உள்ளன; கால் நட்டுப் பந்தலிட்டதற்கான அடையாளங்கள். கூரை என்றோ மக்கிப் போயிற்று. குழி இருக்கிறது, கொடுத்தவன் பெயரும் இருக்கிறது.

பாகனூர் எது? பிற்காலக் கல்வெட்டுகளில் பாகனூர்க் கூற்றம் என்றொரு நாட்டுப் பிரிவு வருகிறது. இன்றைய சோழவந்தான், அதாவது சோழாந்தகச் சதுர்வேதி மங்கலம், அந்தக் கூற்றத்தில் அடங்கியதே. எனவே நம் பிடன் வையைக் கரையிலிருந்து வந்தவனாக இருக்கலாம். வணிகனோ உழவனோ அறியோம். அழகர்மலைக் கல்வெட்டுகளில் உப்பு வணிகனும் கொழு வணிகனும் பொற்கொல்லனும் கொடையாளிகளாக நிற்கின்றனர் என்பதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள். எழுத்து அரண்மனையின் உடைமையாக மட்டும் இருந்ததில்லை. உப்பு விற்றவனுக்கும் தன் பெயர் கல்லில் நிற்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதனைப் படிக்க ஆள் இருப்பர் என்ற நம்பிக்கையும் இருந்திருக்க வேண்டும்.

குன்றின் மற்றொரு பக்கத்தில் தீர்த்தங்கரர் உருவம் ஒன்று புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது. அதன் கீழுள்ள வட்டெழுத்து, அதனைச் செய்வித்தவர் அச்சணந்தி என்று கூறுகிறது. ஆனைமலை, அழகர்மலை, உத்தமபாளையம் முதலிய இடங்களிலும் அவர் பெயர் உண்டு. பிடனுக்கும் அச்சணந்திக்கும் இடையே ஓராயிரம் ஆண்டு. அவ்வளவு காலத்திற்குப் பின்னும் இக்குன்றைத் தேடி ஒருவர் வந்திருக்கிறார்.

மதுரைப் பக்கத்துக் குன்றுகள் பலவற்றைக் கல்லுடைப்போர் தின்று தீர்த்ததை நீங்கள் அறிவீர்கள். 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய பகுதிக்கு, 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவாயிற்று. மேலூர் வட்டாரத்து மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு எதிர்த்தனர். 2025 சனவரியில் அவ்வேலம் கைவிடப்பட்டது. மாங்குளத்து நெடுஞ்செழியன் கல்வெட்டுக் குன்று அந்தச் சுற்றுப்புறத்தில்தான் இருக்கிறது.

ஆனால் வெடிமருந்து ஒன்றுதான் பகை என்று எண்ணிவிடாதீர்கள். நான் உயர்நிலைப் பள்ளியிற் படித்த நாளில், நண்பர் நால்வரோடு மிதிவண்டியில் இக்குன்றுக்கு வந்தேன். கட்டுச்சோறு உண்ட பின், கையிலிருந்த ஆணியால் ஒரு கற்படுக்கையின் ஓரத்தில் என் பெயரின் முதலெழுத்தைப் பொறித்தேன். அரைமணி நேரம் ஆயிற்று, கைத்தோல் உரிந்தது, பெருமையாகவும் இருந்தது. மேலே பிடனின் பெயர் இருந்ததை அன்று நாங்கள் எவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இம்முறை அந்த எழுத்தைத் தேடினேன். வண்ணத்தில் எழுதியனவும் கல்லாற் கீறியனவுமாக எத்தனையோ பெயர்கள் அதன் மேலும் பக்கத்திலும் படர்ந்திருந்தன. ஆயினும் கண்டுபிடித்துவிட்டேன். நாற்பதாண்டு மழையும் வெயிலும் அதனை மங்கச் செய்யவில்லை.

ஆட்டுக்காரப் பெரியவர் என் தோளருகே குனிந்து பார்த்தார்.

"இதுவும் அந்தக் காலத்து எழுத்துத்தானா, தம்பி?"

இல்லை என்றேன். யார் எழுதியது என்பதையும் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஆடுகளை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போனார்.