இரண்டாவது சோடி ஸ்கீ

இந்த மாரிக்கு இன்னொரு சோடி ஸ்கீ வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "இஞ்சாருங்கோ, உங்களுக்கு எத்தினை கால்? இருக்கிற சோடி காணாதோ?" என்று மனைவி கேட்டா. நியாயமான கேள்விதான். ஒரு வசனத்தில் பதில் சொல்ல வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அந்தப் பதில் ஆயிரத்து முந்நூறு வருடத்துக்குப் பின்னால் போகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கதை கொஞ்சம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு 2001இல் நோர்வேக்கு வந்தவன் நான். லில்லஹாமரில் ஒரு றெஸ்ரோறன்ற் குசினியில் வேலை. வந்து ஏழெட்டு வருடம் பனியை நான் பார்த்தது குப்பை கொட்டப் போகும் பின்கதவு வழியாகத்தான். பிறகு, கூட வேலை செய்த ஒரு நோர்வேக் கிழவர் ஓய்வு பெற்றுப் போகும்போது தன்னுடைய பழைய மலை ஸ்கீயை எனக்குத் தந்துவிட்டுப் போனார். 205 சென்ரிமீற்றர் நீளம், சராசரியாக 6 சென்ரிமீற்றர் அகலம், ஓரத்தில் இரும்பு விளிம்பு. காற்று அடித்து இறுக்கிய பனியில் அம்பு மாதிரிப் போகும்.

போன பெப்ரவரியில் மகளோடு நூர்சேத்தருக்கு மேலே போனேன். இரண்டு நாள் விடாமல் பனி கொட்டியிருந்தது. குறுக்கு வழி என்று நினைத்து தடத்தை விட்டுக் காட்டுக்குள் இறங்கினேன். பத்து அடி போகவில்லை, ஸ்கீயின் நுனி பனிக்குள் பூந்தது. பிறகு முழங்கால், பிறகு தொடை. உழுத வயலுக்குள் மழைக்குப் பிறகு இறங்கியவர்களுக்கு அந்த நிலை விளங்கும். ஒரு காலை இழுத்தால் மற்றக் கால் போகும். முந்நூறு மீற்றர் வர ஒரு மணித்தியாலம் எடுத்தது. இருட்டத் தொடங்கிவிட்டது. மகள் சிநேகிதியிடம் இரவல் வாங்கிய அகலமான ஸ்கீயோடு மேலே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. பயந்திருந்தாள். "அப்பா, உங்கட ஸ்கீ இந்தப் பனிக்கு இல்லை" என்றாள்.

நோர்வேக்காரர் தாங்கள் ஸ்கீயைக் காலில் மாட்டிக்கொண்டே பிறந்தவர்கள் என்று சொல்வார்கள். எந்த ஸ்கீயை என்று நான் தேடத் தொடங்கியது அன்றைக்குப் பிறகுதான்.

2014இல் ரைன்ஹைமன் மலைப் பகுதியில் டீகர்வார்டன் என்ற இடத்தில் உருகிக்கொண்டிருந்த பனிக்கட்டியிலிருந்து ஒரு மர ஸ்கீ வெளியே வந்தது. ஏறக்குறைய 1300 வருடப் பழசு. கால் வைக்கும் கட்டுக்கூட மிச்சம் இருந்தது. ஆனால் ஒற்றை ஸ்கீ. ஆராய்ச்சியாளர்கள் அந்த இடத்தைக் கண்காணித்துக்கொண்டே இருந்தார்கள். ஏழு வருடம் கழித்து, 2021 செப்ரெம்பரில், ஐந்து மீற்றர் தள்ளி மற்றது கிடைத்தது. 187 சென்ரிமீற்றர் நீளம், 17 சென்ரிமீற்றர் அகலம். முதல் கிடைத்தது இதைவிடக் கட்டை, அகலமும் கொஞ்சம் குறைவு. இரண்டும் அச்சொட்டாக ஒன்றல்ல. கையால் செய்தது, உடைந்தபோது திருத்தியது, அதன் பிறகு சோடி சேர்த்தது. அந்தச் சொந்தக்காரனை எனக்கு உடனே பிடித்துவிட்டது. எங்கள் குசினியில் பாதிச் சாமான் அப்படித்தான்.

இப்போது என் அரைகுறைப் பௌதிகத்துக்கு ஒரு வேலை. பனிக்குள் புதைவதும் புதையாததும் பாரம் எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பதில் இருக்கிறது. என் ஒற்றை ஸ்கீயின் பரப்பு 205 தர 6, அதாவது 1230 சதுர சென்ரிமீற்றர். டீகர்வார்டன்காரனுடையது, நுனி ஒடுங்குவதைக் கழித்தாலும், 3000க்குக் கிட்ட. என்னுடையதைப் போல இரண்டரை மடங்கு! சுவீடனில் 1924இல் கிடைத்த கால்வ்திரெஸ்க் ஸ்கீ இதைவிட மிகப் பழசு, ஐயாயிரம் வருடத்துக்கு மேல். அதுவும் ஒரு சாண் அளவுக்கு அகலம். ஆழப் பனியில் வேட்டைக்குப் போனவனுக்கு அகலம் சோறு போட்டது.

அப்படியானால் என் ஒல்லி ஸ்கீ எங்கிருந்து வந்தது?

கிழக்கே எஸ்தர்டால் பக்கத்துக் காட்டுச் சனங்கள் வேறொரு வழி கண்டார்கள். ஒரு காலுக்கு நீளமான ஸ்கீ, மற்றக் காலுக்குக் கட்டையானது. கட்டையின் அடியில் மிருகத் தோல். தோலின் மயிர் பின்னுக்குச் சறுக்க விடாது. கட்டையால் உந்தி நீளத்தில் வழுக்கிப் போவார்கள். 18ஆம் நூற்றாண்டில் நோர்வேயின் ஸ்கீப் படைகளும் இப்படித்தான் போயின. இன்று கடையில் ஸ்கீயின் அடியில் கொளுவ ஒரு துண்டுத் தோல் விற்கிறார்களே, அது புதுக் கண்டுபிடிப்பு இல்லை.

தெலமார்க் மலையில் மோர்கெடால் என்ற ஊரில் 1825இல் பிறந்த சோண்ட்ரே நோர்ஹைம் ஒரு ஏழைக் குடியானவன். இடுப்பு ஒடுங்கிய ஸ்கீ செய்தார், முறுக்கிய மரக்கொடியால் குதிக்காலைச் சுற்றிக் கட்டினார். அதோடு ஸ்கீ திரும்பப் பழகிவிட்டது. 1868இல் தலைநகரில் நடந்த போட்டியில், நாற்பது வயது தாண்டிய மனிசன், வென்றார். இன்று ஸ்கீயின் முன், நடு, பின் என்று மூன்று அகலம் எழுதுகிறார்களே, அந்த நடு ஒடுக்கத்தை உலகம் அறிந்தது அவரால்.

1888இல் நான்சன் ஆறு பேராகக் கிரீன்லாந்தைக் குறுக்கறுத்தார். அவர்களில் இருவர் சாமி இனத்தவர். அவர்கள் கொண்டுபோன ஸ்கீ கிட்டத்தட்ட 2.3 மீற்றர் நீளம், 8 சென்ரிமீற்றர் அகலம். மரமில்லாத வெளியில் நேராகப் போக அந்த நீளம். ஆனால் கவனியுங்கள், அந்த அகலமே என்னுடையதைவிடக் கூட. ஸ்கீ உண்மையில் மெலிந்தது ஓட்டப் போட்டியாலும், பிறகு இயந்திரம் வந்து தடம் போட்டுத் தந்ததாலும்தான். ஒல்லி ஸ்கீ பழைய நோர்வே இல்லை. யாரோ முன்னுக்குப் போய்ப் பாதை போட்ட பிறகு வந்த நோர்வே. தடத்தை விட்டு இறங்குகிறவன் பழைய அகலத்துக்குத் திரும்பத்தான் வேண்டும்.

இனிக் கடைக்கு வருவோம். ஆழப் பனிக்கு என்று எடுப்பவர்கள் முன் அகலம் 85 மில்லிமீற்றருக்கும் 112க்கும் இடையில் பார்ப்பார்கள். மிக அகலத்துக்குப் போனால் போட்ட தடத்தில் அடங்காது, இறுகிய சரிவில் என் மெதுவான சப்பாத்தால் அதைக் கட்டுப்படுத்த முடியாது. நுனி இளகியதாக இருக்கவேண்டும், அப்போதுதான் பனிக்கு மேலே ஏறி வரும். நடுவில் இருக்கும் வில் வளைவும் மெதுவாக இருக்கவேண்டும். என் பழையதின் வளைவு விறைப்பு. அதை அமர்த்த அடியில் உறுதியான பனி வேண்டும், பொடிப்பனியில் அது கிடையாது. 188 நீளம், 98-69-88 மில்லிமீற்றர் அகலம் என்று ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பரப்பு பழையதைவிடக் கால் பங்கு கூட. இருக்கிற சப்பாத்துக்கே பூட்டும் பொருந்தும், சப்பாத்துக் காசு மிச்சம்.

ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். எங்கள் ஊரில் 1206 கதை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உள்நாட்டு யுத்தம். காலில் பேர்ச் மரப்பட்டை சுற்றிய இரண்டு வீரர்கள் இரண்டு வயதுப் பிள்ளை ஹோகுனைத் தூக்கிக்கொண்டு, லில்லஹாமரிலிருந்து மலை தாண்டி எஸ்தர்டாலுக்கு ஸ்கீயில் தப்பினார்கள். அந்தப் பிள்ளை பிறகு அரசனானான். அந்த யுத்தம் ஓய்ந்தது 1240இல். இன்றைக்கு அந்த வழியில் 3.5 கிலோ பாரம் சுமந்து போட்டி ஓடுகிறார்கள். நான் அதைத் தெருவோரம் நின்று பார்க்கிறபோது பாரத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளையோடு ஓடின எங்கட சனத்தைத்தான் நினைப்பேன்.

நோர்ஹைமும் கடைசியில் ஊரில் இருக்கவில்லை. 1884இல் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். வடக்கு டக்கோட்டாவின் சமவெளியில் 1897இல் இறந்தார். அங்கே ஏற மலை இல்லை. ஆனாலும் ஸ்கீயை வாசலில் சாத்தியே வைத்திருந்தாராம்.

வந்த புதிதில் எங்களிடம் எல்லாம் ஒவ்வொன்றுதான். ஒரு பை, ஒரு ஜக்கெற், ஒரு சட்டி. திரும்பிப் போகிற ஆக்களுக்கு ஒன்று காணும் என்று நினைத்தோம். இரண்டாவது சோடியைப் பற்றி யோசிக்க எனக்கு இருபது வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறது.

இதை வாசித்துக் காட்டினேன். "சரி, வாங்குங்கோ. ஆனா அந்தப் பழசை ஆருக்கும் குடுத்திடுங்கோ, வைக்க இடமில்லை" என்றா.

கொடுக்கமாட்டேன். காற்று இறுக்கிய பனிக்கு அதுதான்.