உருமறைப்பு: குற்றால மலையில் ஒளிந்து வாழும் உயிர்கள்

ஒரு விலங்கு தன் நிறத்தாலும் வடிவத்தாலும் அசையாமல் இருப்பதாலும் சுற்றுப்புறத்தோடு ஒன்றிப்போய், பிற விலங்குகளின் கண்ணில் படாமல் வாழ்வது உருமறைப்பு எனப்படும். தன்னைத் தின்ன வரும் விலங்கிடமிருந்து தப்பவும், இரைக்குத் தெரியாமல் அதை நெருங்கவும் உருமறைப்பு உதவுகிறது. தென்காசி, குற்றாலம் பகுதியில் இதற்குப் பல எடுத்துக்காட்டுகள் உள்ளன.

இடமும் நிறமும்

தென்காசி நகரிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் குற்றாலம் இருக்கிறது. சிற்றாறு அங்கே பேரருவியாக விழுகிறது. அருவிக்கு மேலே ஈரமான காடு. அங்கே இலை, கொடி, பாசி படிந்த மரப்பட்டை, சருகு ஆகியவை நிறைந்திருக்கும். மலையை விட்டுக் கிழக்கே வந்தால் வயலும் முள்புதரும் பொட்டலும். இடம் மாறும்போது அங்கே வாழும் உயிர்களின் நிறமும் மாறுகிறது.

மலைக்காட்டில்

பச்சைப்பாம்பு கொடியைப் போல மெலிந்தது. சாரல் காற்றில் கொடி ஆடுவது போலவே இதுவும் மெல்ல ஆடி ஆடி நகரும். அதனால் ஓணானுக்கும் தவளைக்கும் அது பாம்பு என்று தெரிவதில்லை. இதைக் கண்கொத்திப் பாம்பு என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் இது மனிதர்களின் கண்ணைத் தேடிக் கொத்துவதில்லை.

பறக்கும் ஓணானின் உடல் மரப்பட்டையின் நிறம். பட்டையோடு ஒட்டிப் படுத்துவிட்டால் மரத்தையும் ஓணானையும் பிரித்தறிவது கடினம். ஆபத்து வந்தால், விலா எலும்புகள் தாங்கும் தோலை விசிறிபோல் விரித்து அடுத்த மரத்துக்குச் சறுக்கிப் போய்விடும்.

தவளைவாயன் இரவில் பூச்சி பிடிக்கும் பறவை. பகலில் அலகை மேலே தூக்கியபடி கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர்களுக்கு அது ஒடிந்த கிளையாகவே தெரியும்.

நீல நிறச் சிறகுகளைக் கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சியும் மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்டு. சிறகை மூடியதும் நீலம் மறைந்து, நடு நரம்போடு கூடிய காய்ந்த இலை ஒன்று காம்பில் நிற்பது போலிருக்கும்.

புலியின் செம்மஞ்சள் நிறம் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் மானின் கண்ணால் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஆகவே மானுக்குப் புலியும் புல்லும் ஏறக்குறைய ஒரே நிறம். கறுப்புக் கோடுகள் புல்லின் நிழலோடு கலந்துவிடுவதால் புலியின் உருவமும் தெளிவாகத் தெரிவதில்லை.

வயலிலும் பொட்டலிலும்

ஆள்காட்டிக் குருவி வெறும் தரையில்தான் முட்டையிடும். மண்நிறத்தில் கருந்திட்டுகளோடு இருக்கும் முட்டைகள் கூழாங்கற்களின் நடுவே கூழாங்கற்களாகவே தெரியும்.

பச்சோந்தி புதர்களில் வாழ்கிறது. அது எதன்மேல் ஏறினாலும் அதன் நிறத்தைப் பெற்றுவிடும் என்பது உண்மையல்ல. வெயில், குளிர், அச்சம், சினம் ஆகியவற்றுக்கு ஏற்பவே அதன் நிறம் பெரும்பாலும் மாறுகிறது. தோலிலுள்ள மிக நுண்ணிய படிகங்களின் இடைவெளி கூடுவதும் குறைவதும் இதற்கு ஒரு காரணம். பச்சை இலைகளுக்கு நடுவில் அது மறைந்திருக்க, அதன் இயல்பான பச்சை நிறமே போதும்.

வீட்டுத் தோட்டத்தில்

உருமறைப்பைக் காண மலையேற வேண்டியதில்லை. கறிவேப்பிலைச் செடியைப் பாருங்கள். இலையில் பறவை எச்சம் போல ஏதாவது இருந்தால் சற்று நேரம் கவனியுங்கள். அது நகர்ந்தால், கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு என்று அறியலாம். எச்சம் என்று எண்ணிப் பறவைகள் பொதுவாக அதைத் தின்ன வருவதில்லை. புழு வளர்ந்து பெரிதானதும் இலையைப் போலப் பச்சையாகிவிடும்.

இந்த நிறம் எப்படி வந்தது?

பச்சை இலையில் பச்சைப் புழுவும் பழுப்புப் புழுவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொண்டைக்குருவியின் கண்ணில் முதலில் படுவது பழுப்புப் புழு. தப்பிய பச்சைப் புழு வளர்ந்து வண்ணத்துப்பூச்சியாகி முட்டையிடும். அவற்றிலிருந்து வரும் புழுக்களும் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். பல்லாயிரம் தலைமுறைகள் இப்படியே நடந்தால் அந்த இனம் முழுவதும் பச்சையாகிவிடும். இதற்கு இயற்கைத் தேர்வு என்று பெயர். எந்தப் புழுவும் தன் நிறத்தைத் தானே தேர்ந்தெடுத்ததில்லை.

நாம் செய்ய வேண்டியது

உருமறைப்பு அந்தந்த உயிர் வாழும் இடத்தில் மட்டுமே பலிக்கும். சருகை எரித்துவிட்டால் சருகு போன்ற பூச்சிக்கு ஒளிய இடமில்லை. மரத்தை வெட்டிவிட்டால் பட்டை நிற ஓணான் எல்லார் கண்ணிலும் படும். மலபார் குழிவிரியன் என்னும் நச்சுப்பாம்பும் மலைக்காட்டுப் பாறையிலும் கிளையிலும் அசையாமல் கிடக்கும். அதனால் புதருக்குள் கைவிடாதீர்கள், பெரியவர்கள் துணையில்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். குற்றாலத்துக்குப் போகும்போது கண்ணால் தேடுங்கள், கையால் தொடாதீர்கள். கொண்டுபோன குப்பையைத் திரும்ப எடுத்துவாருங்கள். காடு காடாக இருந்தால்தான் அதில் ஒளிந்து வாழும் உயிர்கள் பிழைக்கும்.