சிராங்கூன் சாலையில் நிலைத்த பெயர்: பி. கோவிந்தசாமி பிள்ளை

‘பிஜிபி’ என்ற மூன்றெழுத்தால் சிங்கப்பூர்த் தமிழர்களிடையே அறியப்பட்டவர் பி. கோவிந்தசாமி பிள்ளை (1887 – 1980). சிராங்கூன் சாலையின் முன்னணி வணிகர், கொடை வள்ளல்.

தமிழ்நாட்டில் பிறந்த அவர், 1905ஆம் ஆண்டில் பதின்ம வயது இளைஞராகச் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். சிராங்கூன் சாலை மளிகைக் கடை ஒன்றில் வேலை பார்த்துத் தொழில் கற்றார். பின்னர் கடன் வாங்கிச் சொந்தமாக வணிகத்தில் இறங்கினார்.

மளிகையில் தொடங்கிய வணிகம் சேலை, துணிமணி எனப் பெருகியது. மாவு, மசாலா அரைக்கும் ஆலைகளையும் அவர் நடத்தினார். மிளகாயும் மல்லியும் வறுத்து ஆலையில் கொடுத்து அரைத்து வாங்குவது அன்றைய தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். தீபாவளிச் சேலையிலிருந்து அன்றாடக் குழம்புத் தூள்வரை வீட்டுக்கு வேண்டியவை அந்தச் சாலையிலேயே கிடைத்தன. பிஜிபி கடைகளின் வளர்ச்சிக்கு அதுவே அடிப்படை.

ஈட்டிய பொருளில் ஒரு பகுதியை அவர் சமூகத்துக்கே திருப்பிக் கொடுத்தார். ராமகிருஷ்ண மிஷன் அவருடைய நன்கொடையைப் பெற்ற அமைப்புகளுள் ஒன்று. சமூகப் பணிக்காகச் சமாதான நீதிபதியாகவும் நியமிக்கப்பட்டார்.

அவருடைய கொடைகளில் இன்றும் கண்முன் நிற்பது, 1855ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்குச் செய்தவை. ஐந்து நிலை ராஜகோபுரம் அவருடைய பொருளுதவியால் எழுந்தது. கோயிலை ஒட்டிய பிஜிபி கல்யாண மண்டபத்தை, சிங்கப்பூரின் முதல் அதிபரான யூசோஃப் இஷாக் 1965ஆம் ஆண்டில் திறந்துவைத்தார்.

அந்த மண்டபத்தின் அருமை, ஊரையும் உறவையும் விட்டு வந்தவர்களுக்கே நன்கு தெரியும். சொந்த ஊரில் வீட்டு வாசலில் பந்தல் போட்டுத் திருமணம் நடத்தலாம். கடைவீட்டிலும் அடுக்குமாடி வீட்டிலும் குடியிருப்பவர்கள் நூறு பேரை உட்காரவைத்துப் பந்தி போட எங்கே போவார்கள்? கோயிலருகே ஒரு மண்டபம் கிடைத்தது அவர்களுக்குப் பெரும் ஆறுதல்.

தேக்கா வட்டாரத்தில் பிஜிபி கடைகள் இன்று இல்லை. ஆனால், தைப்பூசத்தன்று காவடிகள் தேங் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலை நோக்கிப் புறப்படுவது அதே பெருமாள் கோயிலிலிருந்துதான். திருமண அழைப்பிதழ்களிலும் அவர் பெயர் தொடர்கிறது. மணமக்களில் பலருக்கு அது ஒரு முகவரி மட்டுமே. வெறுங்கையோடு வந்து இறங்கிய ஓர் இளைஞரின் உழைப்பு அந்த முகவரிக்குள் இருக்கிறது.