நடக்க வழி, நிற்க இடம்: பாண்டி பஜாரும் மயிலை மாட வீதிகளும்

சென்னையின் பொதுவெளிகளைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் நடைபாதையின் அகலத்தோடு முடிந்துவிடுகிறது. தியாகராய நகரையும் மயிலாப்பூரையும் சேர்த்துப் பார்த்தால் அந்த அளவுகோல் போதவில்லை. ஒரு தெருவில் யார் நிற்கலாம், நின்று பிழைக்கலாம் என்பதையும் அளந்தாக வேண்டும்.

தி. நகர் வரைபடம் போட்டுப் பிறந்த பேட்டை. 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்தை அடுத்து, நீதிக் கட்சி ஆட்சியில், ‘லாங் டேங்க்’ எனப்பட்ட பேரேரியைத் தூர்த்து உருவாக்கினார்கள். பனகல் பூங்காவைச் சுற்றி, வீடுகளை மனத்தில் வைத்து வகுத்த தெருக்களில் பின்னாளில் ஜவுளியும் நகையும் பாத்திரமும் வந்து குவிந்தன. ரங்கநாதன் தெருவில் இன்று தோளோடு தோள் உரசுவதற்குக் காரணம் மக்களின் ஒழுங்கின்மை அன்று. குடியிருப்புத் தெருவின் தலையில் மாநிலத்துக்கே உரிய சந்தையை ஏற்றியதுதான்.

2014இல் சென்னை மாநகராட்சி, நடப்போரையும் மிதிவண்டி ஓட்டுவோரையும் முன்னிறுத்தும் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. அதன் பெரிய காட்சிப் பொருளாக, 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. பலன் கண்கூடு. மாலையில் ஜவுளிப் பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு குடும்பங்கள் இருக்கைகளில் இளைப்பாறுகின்றன. கடைக்குள் நுழையாமலே ஒருவர் அங்கே உட்காரலாம். ஆனால் அதே 2014இல் நாடாளுமன்றம் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டத்தையும் இயற்றியது. நடப்பவருக்கு ஒன்று, விற்பவருக்கு ஒன்று என ஒரே ஆண்டில் வந்த இரண்டில், பாண்டி பஜாரின் வடிவமைப்பில் முதலாவதுதான் தெரிகிறது. பழைய நடைபாதை வியாபாரிகளை, வளாகம் திறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே தனிக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். போகிற போக்கில் வளையலும் ஹேர்பின்னும் வாங்குபவர் அதற்கென்று மாடி ஏறுவாரா?

மயிலாப்பூரில் நிலைமை தலைகீழ். கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் நடைபாதை பேருக்குத்தான். இருசக்கர வாகனங்களுக்கு நடுவே முதியவர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் தெற்கு மாட வீதியில் காய்கறி, நவராத்திரிக்கு வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை, விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார், கார்த்திகைக்கு அகல் என்று பருவத்துக்கேற்ப வீதி தன் வேலையை மாற்றிக்கொள்கிறது. பங்குனிப் பெருவிழாவில் அறுபத்து மூவர் உலா வரும் நாளில் வாகனங்கள் ஒதுங்க, மோர்ப் பந்தல்கள் முளைக்கின்றன. இதைப் பொற்காலமாக்க வேண்டாம். கோயில் வீதிகளில் யார் குடியிருக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலம் உண்டு. நான் வலியுறுத்துவது இவ்வளவே: ஒரே இடத்தைப் பலர், பல நேரங்களில், பல தேவைகளுக்குப் பயன்படுத்த விடும் வழக்கமும் ஒரு வடிவமைப்புதான்.

எல்லா வெளியும் எல்லாருக்கும் எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பதில்லை. 2011இல் திறக்கப்பட்ட அடையாறுச் சூழலியல் பூங்காவில் கழிமுகம் உயிர்பெறக் கட்டுப்பாடு தேவை. கடைத்தெருவுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் பனகல் பூங்காவிலும் திருமயிலையிலும் சுரங்க நிலையங்கள் அமைகின்றன. அவற்றின் மேலுள்ள தெருக்களை மறுபடி போடும்போது, பூக்காரருக்கும் தள்ளுவண்டிக்கும் உரிய இடத்தை, தெருவோர வியாபாரிகள் சட்டம் சொல்லும் நகர விற்பனைக் குழுவோடு கலந்து வரைபடத்திலேயே குறிக்க வேண்டும், அதுவும் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே.