மும்பை மசகான் தளம்: பாதுகாப்பு உறவுகள் கப்பலாக உருப்பெறும் இடம்

மும்பை செம்பூரில் இருந்து ஹார்பர் வழித்தட மின்சார ரயிலில் தெற்கு நோக்கிச் சென்றால் டாக்யார்ட் ரோடு நிலையம் வரும். அதையொட்டி அமைந்துள்ளது, மத்திய அரசுக்குச் சொந்தமான மசகான் கப்பல் கட்டும் தளம். நட்பு நாடுகளுடன் இந்தியா செய்துகொண்ட பாதுகாப்பு உடன்பாடுகள் பல, இங்குதான் கப்பல்களாகவும் நீர்மூழ்கிகளாகவும் உருப்பெற்றன.

இந்தியா எந்த ராணுவக் கூட்டணியிலும் உறுப்பினர் அல்ல. ஒரு நாடு தாக்கப்பட்டால் மற்றொரு நாடு போரில் இறங்கியாக வேண்டும் என்ற கடப்பாடும் அதற்கு இல்லை. எனினும், இந்தியப் பெருங்கடலில் சீனக் கடற்படையின் நடமாட்டம் பெருகியதால், கப்பல் கட்டுதல், பழுதுபார்த்தல், எரிபொருள் வழங்குதல் ஆகியவற்றில் பிற நாடுகளுடனான நெருக்கம் கூடியுள்ளது.

இவ்வகை உறவு எவ்வளவு எளிதில் அறுந்துபோகும் என்பதற்கும் மசகான் சான்றாகும். 1981-ல் மேற்கு ஜெர்மனியின் எச்டிடபிள்யூ நிறுவனத்துடன் நான்கு நீர்மூழ்கிகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. அவற்றில் ஷல்கி, ஷங்குல் ஆகிய இரண்டும் மும்பையில் கட்டப்பட்டு, 1992, 1994-ஆம் ஆண்டுகளில் கடற்படையில் இணைந்தன. தரகுத் தொகை குறித்த புகார் எழுந்ததால், மேலும் இரண்டைக் கட்டும் திட்டம் கைவிடப்பட்டது. ஆழ்கடல் அழுத்தத்தைத் தாங்கும்படி எஃகைப் பற்றவைப்பது எளிதில் கைவராத திறன். அதில் தேர்ந்த தொழிலாளர்களுக்கு அடுத்த பணி இல்லாமல் போனது. 2005-ல் பிரான்ஸுடன் ஆறு ஸ்கார்பீன் நீர்மூழ்கிகளுக்கு ஒப்பந்தமானபோது, பெரும்பாலானவற்றைப் புதிதாகக் கற்க நேர்ந்தது. முதலாவதான கல்வரி 2017 டிசம்பரிலும், ஆறாவதான வாக்‌ஷீர் 2025 ஜனவரியிலும் படையில் சேர்ந்தன.

அமெரிக்காவுடனான உறவு வேறு வகையைச் சேர்ந்தது. 2016-ல் கையெழுத்தான தளவாட உடன்பாட்டின்படி, இரு நாட்டுப் படைகளும் கட்டணம் செலுத்தி மற்றவரின் துறைமுக வசதிகளைப் பயன்படுத்தலாம்; ராணுவத் தளம் அமைக்க அதில் இடமில்லை. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ என்ற சரக்குக் கப்பல், சென்னை அருகே காட்டுப்பள்ளிக்குப் பழுதுபார்ப்புக்காக வந்தது. 2023-ல் மசகானும் அமெரிக்கக் கடற்படையுடன் பழுதுபார்ப்பு உடன்பாடு செய்துகொண்டது.

இலங்கையின் அம்பாந்தோட்டை துறைமுகம் 2017-ல் 99 ஆண்டு குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் சென்றது. ஜப்பானிய நிறுவனத்தின் வசம் இருந்த கொழும்பு டாக்யார்டில் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கவிருப்பதாக 2025 ஜூனில் மசகான் அறிவித்தது.

அடுத்த ஆறு நீர்மூழ்கிகளுக்கான பேச்சு 2025 செப்டம்பரில் டைசன்குரூப் மரைன் சிஸ்டம்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்துடன் தொடங்கியது. பழைய எச்டிடபிள்யூ இப்போது இந்நிறுவனத்தின் ஓர் அங்கமாகும்.