வழக்கு வழிக் கற்பித்தலின் தோற்றமும் திரிபும்

1870ஆம் ஆண்டில் ஆர்வர்டுச் சட்டக் கல்லூரியின் முதல்வராகப் பொறுப்பேற்ற லாங்டெல் என்பார், விரிவுரை நிகழ்த்தும் பழைய மரபைக் கைவிட்டார். நீதிமன்றத் தீர்ப்பொன்றை மாணவர்முன் வைத்து, அதன் செய்திகளை அவர்களையே எடுத்துரைக்கச் செய்தார். 1871இல் ஒப்பந்தச் சட்ட வழக்குகளைத் தொகுத்து நூலாகவும் வெளியிட்டார். வகுப்பில் மாணவர் தொகை சுருங்கிற்று. சட்டம் இன்னதெனக் கூறாத ஆசிரியரிடம் கற்பதற்கு யாதுளது என்பது விலகியோர் குறை. விலகாது நின்ற சிலருள் ஒருவராகிய ஏம்சு, 1895இல் அக்கல்லூரிக்கே முதல்வரானார்.

இன்றைய வழக்கு வழிக் கற்பித்தல் முழுவதற்கும் லாங்டெலே மூலவர் என்பது பலர் கொள்கை. யாம் அதனை முற்றும் உடன்படோம். அவர் தந்த வழக்கில் தீர்ப்பும் உடனிருந்தது. தீர்ப்பினின்று பின்னோக்கிச் சென்று விதியைக் காண்பதே மாணவர் பணி. முடிவை மறைத்து வைத்தல் பின்னர் வந்தது.

அம்மாற்றத்தை மருத்துவத் துறையிற் காண்கிறோம். ஆர்வர்டில் மருத்துவம் பயின்ற வால்டர் கேனன், உடனுறைந்த சட்ட மாணவர் தம் வழக்குகளைப் பற்றி ஊக்கத்துடன் வாதிடுவதைக் கண்டார். நோயாளரின் குறிப்புகளை அச்சிட்டு மாணவர்க்கு வழங்கி, நோயையும் மருந்தையும் அவர்களே துணியுமாறு செய்யலாம் என 1900இல் எழுதினார். நோய் நாடலில் விடையை முன்னரே கூறின் பயிற்சியே இல்லையன்றோ?

வணிகத்திற்கோ தீர்ப்பு நூல்களே இல்லை. 1908இல் தோன்றிய ஆர்வர்டு வணிகக் கல்லூரிக்கு 1919இல் தலைவரான டோனம், தாமே சட்டம் பயின்றவர். அவர் தூண்டுதலால் கோப்லாந்து, தாம் எழுதக் கருதியிருந்த பாடநூலைச் சிக்கல்களின் தொகுப்பாக மாற்றி 1920இல் வெளியிட்டார். கதை, முடிவெடுக்கும் தறுவாயில் நின்றுவிடும். அதன்மேற் செல்வது மாணவர் கடன். 1961இல் நிறுவப்பெற்ற அகமதாபாது மேலாண்மைக் கழகம், ஆர்வர்டின் துணையுடன் இம்முறையை மேற்கொண்டது. (நம் மொழியில் ‘வழக்கு’ என்னும் சொல் நீதிமன்ற வழக்கோடு உலக வழக்கையும் சுட்டும். இம்முறைக்கு இதனினும் பொருந்திய பெயர் அரிது.)

ஆயின், விடையை இறுதியிற் சேர்த்து அச்சிட்ட கதையையும் ‘வழக்கு’ என்றே வழங்கும் பாடத்திட்டங்கள் உள. அவை எடுத்துக்காட்டுகளேயன்றி வழக்குகள் ஆகா. நேர்முக வகுப்பில் ஆசிரியர் வாய்மூடி நிற்பின் முடிவு மறைந்திருக்கும். இணைய வகுப்பிலோ மாணவன் நொடிப்பொழுதில் இறுதிப் பக்கத்தை அடைவான். ஆதலின், தன் முடிவையும் காரணத்தையும் எழுதிய பின்னரே அடுத்த பகுதி திறக்குமாறு அமைத்தல் வேண்டும். பிறர் விடைகளும் அதன் பின்னரே புலப்படல் தகும். முன்னரே புலப்படின், முதலில் எழுதியவன் கருத்தே வகுப்பின் கருத்தாகிவிடும்.